திருவிழாக் கூட்டத்தில் வழிகாட்டி நாய்

சித்தூருக்கு அருகே பாகுதா ஆற்றங்கரையில் அமைந்துள்ள காணிப்பாக்கம் சிற்றூரேயாயினும், விநாயக சதுர்த்தியை ஒட்டி நிகழும் பிரம்மோற்சவ நாட்களில் அது பெருநகரின் நெரிசலை அடைந்துவிடுகிறது. ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய மாநிலங்களிலிருந்து மக்கள் அங்கே திரளுகின்றனர். கண்பார்வை உள்ளவரே தடுமாறும் இத்தகைய இடத்தில், பார்வையற்ற ஒருவர் பிறர் கையைப் பற்றாது நடமாட இயலுமா? பயிற்சி பெற்ற நாய் இதற்கு எவ்வளவு உதவும் என்பதை இங்கு ஆராய்வோம்.

முதல் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களுக்கு உதவும் பொருட்டு, 1916-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் டாக்டர் கெர்ஹார்ட் ஸ்டாலிங் என்பவர் வழிகாட்டி நாய்களுக்கான பள்ளியொன்றை நிறுவினார். 1929-இல் அமெரிக்காவிலும் ‘சீயிங் ஐ’ என்னும் பள்ளி தோன்றியது. இன்று பெரும்பாலும் லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு ஆகிய இனங்கள் இப்பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. குட்டிகள் சுமார் ஓராண்டுக் காலம் குடும்பங்களில் வளர்ந்து, கடைவீதிக்கும் பேருந்து நிலையத்துக்கும் பழகிய பின்னரே முறையான பயிற்சியைப் பெறுகின்றன.

நாயே வழியை அறிந்து எஜமானரை அழைத்துச் செல்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. செல்லவேண்டிய திசையை மனிதரே தீர்மானிக்கிறார். குழியையும் தூணையும் விலக்குவதும், படி வந்தால் நிற்பதும், இருவரும் நுழையத்தக்க இடைவெளியைத் தேர்வதும் நாயின் வேலை. நாயின் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் நன்கு வேறுபட்டுத் தோன்றுவதில்லை. ஆகையால் போக்குவரத்து விளக்கை அது படித்துக் கூறாது. ஆனால் எஜமானர் முன்செல்லப் பணித்த வேளையில் வாகனம் வருமாயின், அக்கட்டளையை மறுத்து நிற்க அது பயிற்றப்பட்டுள்ளது.

திருவிழாக் கூட்டம் இத்திறமைக்குக் கடுஞ்சோதனையாகும். தோளோடு தோள் உரசும் நெரிசலில் விலகிச் செல்ல இடைவெளியே இராது. நாயின் பாதங்களும் வாலும் மிதிபடக்கூடும். மனிதர் சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரையே கேட்க, நாயோ அதனினும் இருமடங்குக்கு மேற்பட்ட அதிர்வெண்ணையும் கேட்கும். வெடியோசையும் மேளமும் அதனை மிரளச் செய்யலாம். பிரசாதத்தின் மணம் அதன் கவனத்தைக் கலைக்கும். வெயிலின் கொடுமையை, கோயில் வீதியில் செருப்பின்றி நடந்தோர் நன்கறிவர். நாயின் பாதங்களையும் அச்சூடு புண்ணாக்கும். உடல் முழுதும் வியர்க்கும் வசதி நாய்க்கு இல்லை. மூச்சிரைத்தே அது தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது.

ஆகவே நெரிசல் குறைந்த காலை நேரத்தைத் தேர்வதும், நீரை உடன் கொண்டு செல்வதும் நன்று. அடிக்கடி கொட்டாவி விடுதல், வாலை ஒடுக்குதல், மிகுதியாக மூச்சிரைத்தல் ஆகியவை நாய் களைத்ததை அல்லது அஞ்சியதைக் காட்டும் அறிகுறிகள். அப்போது கூட்டத்தைவிட்டு விலகுவதே அறிவுடைமை. வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறாது போட்டிருத்தல் இன்றியமையாதது.

எஞ்சிய பொறுப்பு பொதுமக்களைச் சார்ந்தது. பணியிலிருக்கும் நாயைத் தொடுதலும், அழைத்தலும், அதற்குத் தின்பண்டம் நீட்டுதலும் கூடா. அதன் சேணத்தைப் பற்றி இழுத்தல் பெருந்தவறு. உதவ விரும்புவோர் நாயிடமன்றி மனிதரிடமே கேட்கவேண்டும். தெருநாய்கள் நெருங்கின், அவற்றை அப்புறப்படுத்துவது நல்ல உதவியாகும்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் பார்வைக் குறைபாடுடையோர் சுமார் 50 லட்சம் பேர். வழிகாட்டி நாய்களோ மிகச் சிலவே. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பொது இடங்கள் அனைவரும் அணுகத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்கிறது. கோயிலின் உட்பகுதிக்கு அதற்குரிய வழக்கங்கள் உண்டு. ஆயினும் வாயிலருகே நாய்க்கு நிழலும் நீரும், எஜமானரைச் சந்நிதிவரை அழைத்துச் செல்ல ஒரு தொண்டரும் அமையுமாயின், வழக்கமும் உரிமையும் ஒருங்கே காக்கப்படும்.

விழாக்களில் காவல்துறையின் மோப்ப நாய் வருங்கால் நாம் ஒதுங்கி வழிவிடுகிறோம். அது பணியில் உள்ளது என்பதை அறிவோம். பார்வையற்றவரின் நாயும் பணியிலேயே உள்ளது. அதற்கு நாம் விடும் இரண்டடி இடைவெளிதான், ஒருவர் பிறரை நம்பி நிற்காது தம் விருப்பப்படி நடக்க வழி செய்கிறது.