ஆட்டத்தில் அடிபட்டால் யார் பொறுப்பு: ஆடியவரா, பேட் செய்த கம்பெனியா?

ஞாயிற்றுக்கிழமை டர்ஃபில் ஆடிவிட்டு வீங்கிய விரலோடு வீடு திரும்பினால் முதலில் என்ன கேட்பார்கள்? "உன்னை யாரு ஆடச் சொன்னது?"

சட்டமும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்கும். ஆபத்து தெரிந்தே களத்தில் இறங்கியவர், பிறகு அடுத்தவரைக் குறை சொல்ல முடியாது என்பது பழைய சட்டக் கொள்கை. சரி, விளையாட்டுக் கருவியைத் தயாரித்த கம்பெனியும் இதைச் சொல்லியே தப்பித்துவிடலாமா? அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கில் இதற்குப் பதில் இருக்கிறது.

என்ன நடந்தது?

2003 ஜூலை. ஹெலினா நகரில் ஒரு பேஸ்பால் ஆட்டம். 18 வயது பிட்சர், அதாவது பந்து வீசுபவர், பந்தை வீசினார். எதிரே நின்றவர் அலுமினிய பேட்டால் அடித்த பந்து நேராகத் திரும்பி வந்து பிட்சரின் தலையைத் தாக்கியது. அந்த அடி அவர் உயிரைப் பறித்தது. பேட்டைத் தயாரித்த ஹில்லெரிச் அண்ட் பிராட்ஸ்பி கம்பெனி மீது பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள்.

அலுமினிய பேட்டில் என்ன வித்தியாசம்?

மர பேட்டில் மோதும்போது பந்து நசுங்குவதில் கொஞ்சம் வேகம் வீணாகும். அலுமினிய பேட்டின் உள்ளே வெற்றிடம்தான். அதன் மெல்லிய சுவர் லேசாக அமுங்கி, ஸ்பிரிங் மாதிரி பந்தைத் திருப்பித் தள்ளும். இதை 'டிராம்போலின் எஃபெக்ட்' என்பார்கள். பிட்சர் நிற்பது 60 அடி 6 அங்குல தூரத்தில். அடித்த பந்து திரும்பி வரும்போது சுதாரிக்க அரை நொடிகூட கிடைக்காது.

கம்பெனி என்ன சொன்னது?

பந்து தன் மேல் படலாம் என்று தெரிந்துதானே பிட்சர் ஆட வந்தார் என்றது. பேட்டில் எச்சரிக்கை ஒட்டியிருந்தாலும் அதைப் பார்த்திருக்கப் போவது பேட் பிடித்தவர்தானே, தூரத்தில் நின்ற பிட்சர் இல்லையே என்றும் வாதிட்டது. கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது.

தீர்ப்பு?

2009-ல் ஜூரி சொன்னதை ரெண்டாகப் பிரித்துப் பார்க்கணும். ஒன்று, பேட்டின் வடிவமைப்பில் குறை இல்லை. ரெண்டு, ஆபத்தைப் பற்றி கம்பெனி போதுமான எச்சரிக்கை தரவில்லை. அதற்காக 8,50,000 டாலர் இழப்பீடு.

2011-ல் மாநில உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. எச்சரிக்கை என்றால் ஸ்டிக்கர் மட்டும்தானா? விளம்பரம், போஸ்டர் வழியாகவும் சொல்லலாமே என்றது. அந்த பேட்டால் ஆபத்தில் இருந்தது களத்தில் நின்ற எல்லோரும்தான். 'தெரிந்தே ஏற்ற ஆபத்து' என்ற வாதமும் எடுபடவில்லை. பந்து படலாம் என்று பொதுவாகத் தெரிந்திருந்தால் போதாது; அந்தக் குறிப்பிட்ட பேட்டை எதிர்கொண்டால் பலத்த காயமோ மரணமோ நேரும் என்று பிட்சருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஆதாரமே இல்லை.

நம்ம ஊர் சட்டம்?

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'பொருள் பொறுப்பு' என்றே தனி அத்தியாயம் இருக்கிறது. தயாரிப்புக் குறை, வடிவமைப்புக் குறை மட்டுமல்ல, சரியான பயன்பாட்டுக் குறிப்போ எச்சரிக்கையோ தராததற்கும் தயாரிப்பாளர் பொறுப்பாவார் என்கிறது பிரிவு 84. ஆனால், பிரிவு 87 அவருக்கும் பாதுகாப்பு தருகிறது. பொருளை நீங்கள் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியமைத்திருந்தாலோ கேஸ் நிற்பது கஷ்டம். எல்லோருக்கும் தெரிந்த ஆபத்துக்கு எச்சரிக்கை தரவில்லை என்றும் குறை சொல்ல முடியாது.

அதனால், ஹெல்மெட் கிரில்லைக் கழற்றிவிட்டு ஆடி அடிபட்டால், பொறுப்பு பெரும்பாலும் உங்கள் தலையில்தான். ஒழுங்காக மாட்டிய கிரில் சாதாரணப் பந்துக்கே உடைந்தால் கதை வேறு. அப்போது பில், லேபிள், உடைந்த பொருள் மூன்றையும் தூக்கிப் போடாதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் தர 2 ஆண்டு அவகாசம் உண்டு.

ஆட சம்மதித்தவர் ஆட்டத்தின் ஆபத்துக்குத்தான் சம்மதித்தார். கம்பெனி சொல்லாமல் விட்ட ஆபத்துக்கு அல்ல.