அப்பளம், பாட்டில், எக்ஸ்ரே பிலிம்: மூன்றுக்கும் ஒரே ரகசியம்!

கை எலும்பு முறிந்தால் டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார். வழவழப்பான கறுப்புத் தாள் ஒன்று கைக்கு வருகிறது. வளைத்தால் வளைகிறது. விட்டால் நிமிர்கிறது. இழுத்தாலும் எளிதில் கிழிவதில்லை.

இந்த எக்ஸ்ரே பிலிமும், கறுப்பு-வெள்ளை சினிமா பிலிமும் ஒரு காலத்தில் நம் நீலகிரியில் தயாராயின. 1960-ம் ஆண்டில் மத்திய அரசு "இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்" என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. ஊட்டியில் தொழிற்சாலை எழுந்தது. 1967-ல் உற்பத்தி ஆரம்பமாயிற்று. பிலிமின் பெயர் "இந்து". சந்திரன் என்று பொருள்.

சென்னை இருக்க, கோவை இருக்க, மலை உச்சியில் ஏன் தொழிற்சாலை? அதற்குப் பதில் சொல்லுமுன் ஒரு சிறிய விஞ்ஞானம்.

இடியாப்பச் சிக்கல்

பிளாஸ்டிக், ரப்பர், மாவு, பருத்தி நூல் எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத மிக நீளமான சங்கிலிகள் இருக்கின்றன. இவற்றுக்கு "பாலிமர்" என்று பெயர். தட்டில் குவித்த இடியாப்பம் போல இவை பின்னிக் கிடக்கும்.

குளிர்ந்த நிலையில் இந்தச் சங்கிலிகள் அசைய முடியாமல் இறுகிக் கிடக்கும். அப்போது பொருள் கண்ணாடி போல விறைப்பாக இருக்கும். சூடு ஏறினால் சங்கிலிகள் நெளியத் தொடங்கும். பொருள் ரப்பர் போல இளகிவிடும்.

பொருள் உருகிவிட்டதா? இல்லை! பனிக்கட்டி தண்ணீராவது வேறு, இது வேறு. பொருள் இன்னும் ஓடவில்லை. விறைப்பு மட்டும் போய்விட்டது. இந்த மாற்றம் நடக்கும் சூட்டை விஞ்ஞானிகள் "கண்ணாடி மாறுநிலை" என்கிறார்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் இந்தச் சூடு வேறு. எக்ஸ்ரே பிலிமின் அடித்தாளான பாலியெஸ்டருக்கு 70 முதல் 80 டிகிரி சென்டிகிரேடு. இயற்கை ரப்பருக்குப் பூஜ்யத்துக்கும் கீழே சுமார் 70 டிகிரி! அதனால்தான் ஊட்டியில் உறைபனி கொட்டினாலும் ரப்பர் விறைப்பதில்லை.

தாள் பிறக்கும் விதம்

பாலியெஸ்டர் தாள் எப்படிச் செய்கிறார்கள்? குருணையை 250 டிகிரிக்கு மேல் உருக்கி, குளிர்ந்த உருளையின் மேல் தகடாக ஊற்றுகிறார்கள். அது சட்டென்று விறைத்துவிடும். பிறகு மாறுநிலையைச் சற்றே தாண்டும் அளவுக்குச் சூடாக்கி, நீளத்திலும் அகலத்திலும் மூன்று மடங்குக்கு மேல் இழுக்கிறார்கள்.

இங்கேதான் சாமர்த்தியம்! சூடு குறைந்தால் தகடு இழுபடாது. சூடு மிஞ்சினால் சங்கிலிகள் நழுவிவிடும், பலம் வராது. சரியான சூட்டில் இழுத்தால் அவை வரிசையாகப் படிந்துகொள்ளும். மெல்லிய தாளுக்கு இரும்பு போன்ற உறுதி வந்துவிடும். கடைசியாக, இழுத்துப் பிடித்தபடியே 200 டிகிரிக்கு மேல் சூடு காட்டி, அந்த வரிசையை நிலைநிறுத்துகிறார்கள். அதனால் தாள் பிறகு சுருங்குவதில்லை.

அப்பளம் நமுப்பது ஏன்?

இந்தத் தாளின் மேல் ஜெலட்டின் என்ற பசை பூசப்படுகிறது. படத்தை உண்டாக்கும் வெள்ளி உப்பு அதற்குள்தான் இருக்கிறது. ஜெலட்டினும் ஒரு பாலிமர்தான். ஆனால் அதற்குத் தண்ணீர் பட்டால் மாறுநிலை மளமளவென்று இறங்கிவிடும். உலர்ந்தால் விறைப்பு, நனைந்தால் இளக்கம்.

பொரித்த அப்பளம் மழை நாளில் நமுத்துப் போகிறதே, அதே கதைதான்! காற்றின் ஈரம் மாவுச் சங்கிலிகளுக்குள் புகுந்து அவற்றை நெளிய விடுகிறது. கஞ்சி போட்ட வேட்டிக்குத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போடுகிறோம். ஈரமும் சூடும் இளக்குகின்றன. உலர்ந்து ஆறியதும் மடிப்பு நிற்கிறது.

ஜெலட்டினின் இந்தக் குணத்தால்தான் பிலிம் கழுவும் மருந்து உள்ளே புக முடிகிறது. ஆனால் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் பூச்சு பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். தூசி விழுந்தால் படத்தில் புள்ளி விழும். ஆகவே குளிர்ச்சியும் தூய காற்றும் பிலிம் தொழிலுக்கு வரப்பிரசாதம். ஊட்டியின் பெருமை இதுதான்!

ஏழு உயிர்கள்

மாறுநிலையை அசட்டை செய்தால் ஆபத்தும் உண்டு. 1986 ஜனவரி 28-ம் தேதி அமெரிக்காவின் "சாலஞ்சர்" விண்வெளி ஓடம் புறப்பட்ட 73 வினாடிகளில் சிதறியது. அதில் இருந்த ஏழு பேரும் மாண்டனர். அன்று காலை கடுங்குளிர். ராக்கெட்டின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம் குளிரில் மந்தப்பட்டு, உடனே விரிந்து அடைக்கவில்லை. விசாரணைக் குழுவில் இருந்த நோபல் விஞ்ஞானி ரிச்சர்ட் பெயின்மன், ரப்பர் துண்டு ஒன்றை இறுக்கி ஐஸ் தண்ணீரில் போட்டு, அது சட்டென்று பழைய வடிவுக்குத் திரும்பாததை எல்லோருக்கும் காட்டினார்.

வீட்டிலே கவனியுங்கள்

கடையில் வாங்கும் தண்ணீர் பாட்டிலும் பாலியெஸ்டர்தான். அதையும் மாறுநிலைக்கு மேலே சூடாக்கி, ஊதி விரித்துச் செய்கிறார்கள். அதில் கொதிக்கும் டீயை ஊற்றினால் இழுபட்ட சங்கிலிகள் பழையபடி சுருளும். பாட்டில் கோணிச் சுருங்கும். கை வெந்துபோகும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆனால் பாட்டில் தாங்குவது 70, 80 தானே! ஆகவே பயணத்துக்கு எவர்சில்வர் பிளாஸ்க்கே நல்லது.

டிஜிட்டல் யுகம் வந்தது. ஏற்கெனவே நலிந்திருந்த ஊட்டித் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆனால் பழைய நெகடிவ்கள் பல வீட்டுப் பெட்டிகளில் இன்னும் இருக்கின்றன. தாத்தா, பாட்டியின் திருமணப் படமாகக்கூட இருக்கலாம். அவற்றை ஈரம் படாமல், வெயில் படாமல், ஒன்றோடொன்று ஒட்டாமல் காகித உறைகளில் தனித்தனியாக வையுங்கள். இன்னொரு தலைமுறையும் பார்க்கட்டும்!