வீடு வாங்குவோரும் விலைப்பேச்சும்

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. இரண்டும் ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பை விழுங்கவல்லவை என்பதே அதன் கருத்து. கட்டிய வீட்டை விலைக்கு வாங்குவதும் அத்தகைய செயலே. மாணவர்களாகிய நமக்கு இதில் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். தாய் தந்தையர் வீடு வாங்க முற்படும்பொழுது, பத்திரத்தைப் படித்துக் காட்டும் பொறுப்பும் கணக்கிட்டுச் சொல்லும் பொறுப்பும் பல இல்லங்களில் உங்கள்மீதே விழுகின்றன. ஆதலின் இதன் அடிப்படைகளை இப்பொழுதே அறிந்துகொள்ளல் நன்று.

முதற்கண் தரகரின் நிலையை ஆராய்வோம். ஒரு வீட்டின் விலை 50 லட்சம் ரூபாய் என்றும், தரகு நூற்றுக்கு ஒன்று என்றும் கொள்வோம். தரகருக்குக் கிடைப்பது 50,000 ரூபாய். விலை இரண்டு லட்சம் குறைந்தால் வாங்குவோருக்கு ஆதாயம் இரண்டு லட்சம். தரகருக்கு நட்டமோ 2,000 ரூபாய் மட்டுமே. விலை ஏறினாலும் அவருக்கு மிகும் தொகை அவ்வாறே சிறிது. ஆகவே, விலை ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதைக் காட்டிலும், பேரம் விரைவில் முடிவதிலேயே அவர் கருத்துச் செல்லும். இஃது அவர்மேல் சுமத்தும் குற்றம் அன்று. அவருடைய தொழிலின் கணக்கு. இரு தரப்பினரிடமும் தரகு பெறும் வழக்கமும் உண்டு. எனவே, “தாங்கள் யார் சார்பில் பேசுகிறீர்கள்? தரகு யாரிடம், எவ்வளவு?” என்று தொடக்கத்திலேயே பணிவுடன் கேட்டுத் தெளிதல் வேண்டும்.

அடுத்து, நம் கையிருப்பின் கணக்கு. தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2 ஆக்கப்பட்டது. நூற்றுக்கு 7 ஆன முத்திரைத் தீர்வையையும் கூட்டினால் 9 ஆகும். தரகு ஒன்றையும் சேர்த்தால் 10. எனவே 50 லட்சம் வைத்திருப்பவர் 50 லட்சத்திற்கு வீடு பேசினால், இறுதியில் ஐந்து லட்சத்திற்குத் திண்டாடுவார். அவர் பேசக்கூடிய உச்ச விலை ஏறத்தாழ 45 லட்சத்து 45 ஆயிரமே. இவ்வெல்லையை வீட்டிலேயே வகுத்து எழுதி வைத்துக்கொள்ளல் வேண்டும். “வேறொருவர் முன்பணத்துடன் காத்திருக்கிறார்” என்று தரகர் கூறலாம். அது மெய்யாகவும் இருக்கலாம், அல்லாமலும் இருக்கலாம். எதுவாயினும் நம் எல்லை மாறுவதில்லை. அவ்வெல்லையைத் தரகரிடம் வெளியிடவும் வேண்டா. அவரிடம் சொன்னது விற்பவரிடம் சொன்னதற்கு ஒப்பாகிவிடக்கூடும். ஒன்றைக் கூறாது விடுதல் வேறு. பொய் கூறுதல் வேறு. முன்னது அடக்கம்; பின்னது இழுக்கு.

விலையைக் குறைத்துக் கேட்கும்பொழுது காரணத்தோடு கேட்டல் சிறப்பு. அரசின் வழிகாட்டி மதிப்பு, அண்மையில் அதே தெருவில் பதிவான கிரயங்கள், மேல்தளத்தைச் செப்பனிட ஆகும் செலவு ஆகியவற்றைக் காட்டிப் பேசினால், விற்பவர் சினம் கொள்ளார். வெறும் எண்ணை எதிர்த்து வெறும் எண் நின்றால், அங்கே பிடிவாதமே வளரும்.

பேரத்தில் ஒரு சட்ட நுட்பமும் உண்டு. 1840ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ரெஞ்ச் என்பவர் தம் பண்ணையை 1,000 பவுனுக்குத் தர முன்வந்தார். ஹைடு என்பவர் 950 பவுன் தருவதாகக் கூறினார். ரெஞ்ச் அதை மறுத்ததும், “அப்படியாயின் 1,000 பவுனே தருகிறேன்” என்றார் ஹைடு. ரெஞ்ச் இணங்கவில்லை, வழக்கு மன்றம் ஏறியது. 950 என்று கூறிய அக்கணமே 1,000 என்னும் முன்மொழிவு அழிந்துவிட்டது என்று தீர்ப்பாயிற்று. நம் நாட்டு 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவும், ஏற்பு முழுமையாகவும் நிபந்தனையின்றியும் அமைதல் வேண்டும் என்கிறது. ஆகவே விற்பவரே உறுதியாக ஒரு விலையை முன்மொழிந்திருப்பின், “இவ்வளவுதான் தருவேன்” என்று முறிப்பதற்கு முன், “சற்றுக் குறைக்க இயலுமா?” என்று வினாவாகக் கேட்பது அறிவுடைமை. வினா வேறு, மறுப்பு வேறு.

விலை ஒத்துவந்தபின், முன்பணம் கொடுக்குமுன் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுக. முன்பணத்தை வங்கி வழியே செலுத்துக. நிலம், வீடு ஆகியவற்றின் கிரயத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் பெறுவதை வருமானவரிச் சட்டம் 2015ஆம் ஆண்டு ஜூன் முதல் தடுத்துள்ளது. உடன்படிக்கையில் விலை, தவணை, கெடு ஆகியவற்றோடு, உரிமையில் குறை காணப்பட்டாலோ வங்கிக் கடன் கிடையாது போனாலோ முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்பதையும் எழுதுவித்தல் வேண்டும். பேச்சளவில் தந்த உறுதி, பிணக்கு நேரும்பொழுது துணைக்கு வாராது. இன்னொன்றும் நினைவிற் கொள்க: 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவின்படி, விற்பனை உடன்படிக்கையினால் மட்டும் வீடு நமதாகிவிடாது, கிரயப் பத்திரம் பதிவானால்தான் உரிமை வரும்.

நல்ல பேரம் என்பது ஒருவரை ஒருவர் ஏய்ப்பதன்று. விற்றவர் மனநிறைவோடு சாவியைக் கொடுக்க, வாங்கியவர் கடன்சுமையால் நலியாது குடிபுகுவதே நல்ல பேரம். அதற்கு வேண்டுவன மூன்று: முன்கூட்டிய கணக்கு, அளந்த சொல், எழுத்திலே உறுதி. இம்மூன்றும் பள்ளியிலேயே நீங்கள் பயில்பவைதாம். நாளை உங்கள் இல்லத்தில் இப்பேச்சு எழும்பொழுது, தாளும் எழுதுகோலும் கொண்டு தந்தையின் அருகே அமருங்கள். உங்கள் கல்வி அன்று குடும்பத்தின் வாழ்நாட் சேமிப்பைக் காக்கும்.