நடுச்சாமத்தில் வரும் பயம்



2019ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஒரு நாள், என் மகளின் வகுப்பாசிரியை என்னைப் பாடசாலைக்கு வரும்படி சொல்லி அனுப்பியிருந்தார். தைத்துக்கொண்டிருந்த சட்டையைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினேன். பிள்ளை யாருடனாவது சண்டை பிடித்தாளோ, படிப்பில் பின்னுக்கு நிற்கிறாளோ என்றுதான் எண்ணினேன். ஆசிரியை சொன்னது வேறு.

“பிள்ளை காலமை முதல் பாடத்திலேயே மேசையில தலையை வைச்சு நித்திரை கொள்ளுறா. ஏன் எண்டு கேட்டன். இரவில அம்மாவுக்கு மூச்சு வருதோ எண்டு பாத்துக்கொண்டு முழிச்சிருக்கிறனான் எண்டு சொல்லுறா.”

எனக்கு அந்த இடத்திலேயே கால் நடுங்கியது. என்னுடைய இரவுகளைப் பற்றி நான் எவருக்கும் வாய் திறந்ததில்லை. மகள் நித்திரை என்றே நினைத்திருந்தேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை எனக்குத் தெரியாமல் எனக்குக் காவல் இருந்திருக்கிறாள். இதை நான் எழுதுவதற்குக் காரணம் அந்த நாள்தான். எம்மில் எத்தனை பேருடைய வீட்டில் இப்படி ஒரு பிள்ளை விழித்திருக்கிறதோ தெரியாது.

நான் விசுவமடுவில் பிறந்து வளர்ந்தவள். 2009 ஜனவரியில் வீட்டை விட்டு வெளிக்கிட்டோம். உடையார்கட்டு, இரணைப்பாலை, புதுமாத்தளன் என்று பங்கருக்கு மேல் பங்கர் வெட்டினோம். மார்ச் மாதத்தில் கணவர் ஷெல் பட்டு இறந்துவிட்டார். ஏப்ரலில் இரண்டு வயது மகளைத் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள்ளால் நடந்து வந்தேன். பிறகு செட்டிகுளம் முகாம். அதன் பிறகு மீள்குடியேற்றம்.

வியப்பு என்னவென்றால், அந்தக் காலத்தில் எனக்கு இந்தப் பயம் வரவில்லை. தண்ணீருக்கு வரிசை, நிவாரணத்துக்கு வரிசை, பிறகு வீட்டுத்திட்டம், தையல் வேலை என்று ஓடிக்கொண்டே இருந்தேன். எல்லாம் ஓரளவு அடங்கி, கதவு போட்ட வீட்டில் படுக்கத் தொடங்கிய பிறகுதான் வந்தது. முதலில் மாதத்தில் ஒரு தடவை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வீதியெங்கும் மறுபடியும் சோதனைச் சாவடிகளைக் கண்டதும், அநேகமாக ஒவ்வொரு இரவும் வந்தது.

பத்து மணிக்குப் படுப்பேன். பன்னிரண்டு மணியளவில் யாரோ பிடித்து இழுத்தது போல எழும்பிவிடுவேன். கனவு எதுவும் இருக்காது. நெஞ்சு அடிக்கும் சத்தம் காதில் கேட்கும். தொண்டை அடைக்கும், விரல்கள் விறைக்கும், சட்டை வியர்வையில் தோயும். “இந்த முறை செத்துப்போவன்” என்ற எண்ணம் மட்டும் இருக்கும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரம் எல்லாம் போட்ட பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கதவடியில் இருப்பேன். விடிய நான்கு மணிக்குச் சேவல் கூவும்வரை கண் மூடுவதில்லை.

வைத்தியசாலையில்

ஆசிரியையைச் சந்தித்த மறுநாளே வைத்தியசாலைக்குப் போனேன். இ.சி.ஜி. எடுத்தார்கள். இரத்தத்தில் சீனி, தைரொயிட், இரத்தச்சோகை எல்லாம் பார்த்தார்கள். இவற்றைப் பார்ப்பது அவசியம். இருதய நோய், தொய்வு, தைரொயிட் கோளாறு போன்றவையும் இரவில் இதேபோல எழுப்பக்கூடும். எனக்கு எல்லாம் சரியாக இருந்தது. “ஒன்றுமில்லை” என்று சொன்னபோது எனக்கு அழுகைதான் வந்தது. ஒன்றுமில்லாமலா நான் ஒவ்வொரு இரவும் சாகிறேன்?

அந்த வைத்தியர் என்னை உளநலப் பிரிவுக்கு அனுப்பினார். போக வெட்கப்பட்டேன். ஊரில் “விசர்” என்று சொல்லிவிடுவார்களே என்ற பயம். மகளின் முகத்தை நினைத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த உளவளத்துணையாளர் அக்கா என் கதையை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“உங்கட வீட்டில நாய் இருக்குத்தானே? கள்ளன் வந்தாலும் குரைக்கும், காவோலை விழுந்தாலும் குரைக்கும். அது நல்ல நாய். உங்களைக் காப்பாத்தின நாய். ஆனா சண்டை முடிஞ்சது அதுக்கு இன்னும் தெரியாது.”

பிறகு உடம்பில் நடப்பதை விளங்கப்படுத்தினார். ஆபத்து என்று மூளை எண்ணியதும் அதிரினலின் சுரக்கிறது. ஓடுவதற்காக இருதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு வேகமாகிறது. ஓடாமல் பாயில் இருந்துகொண்டு அப்படி மூச்சு வாங்கினால் இரத்தத்திலுள்ள காபனீரொட்சைட்டின் அளவு குறைகிறது. அதனால்தான் விரல் விறைப்பும் தலைச்சுற்றும். காற்றுப் போதவில்லை என்று தோன்றும், ஆனால் உண்மையில் அளவுக்கு அதிகமாக மூச்சு எடுத்துக்கொண்டிருக்கிறோம். படுத்து ஒன்றிரண்டு மணித்தியாலங்களில், நித்திரை ஆழமாகும் வேளையில்தான் இது பெரும்பாலும் வரும். பயங்கரக் கனவுகள் விடியப்புறத்தில் கூடுதலாக வரும். அவை வேறு, இது வேறு.

அக்கா சொன்னதில் எனக்கு மிகப் பெரிய ஆறுதல் தந்தது இதுதான்: இந்தப் பதகளிப்பு ஏறத்தாழ பத்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கத் தொடங்கும். நாம் எதுவும் செய்யாவிட்டாலும் இறங்கும். அதனோடு சண்டை பிடித்தால்தான் நீளும்.

அந்த நேரத்தில் நான் செய்வது

முதலில் எழும்பி இருந்து, பாதம் இரண்டையும் நிலத்தில் வைப்பேன். சீமெந்து நிலத்தின் குளிர் காலில் ஏறும். பங்கருக்குள் சீமெந்து இல்லை. நான் வீட்டில் இருக்கிறேன் என்பதை என் கால்தான் எனக்கு முதலில் சொல்லும்.

இரண்டாவதாக, மெல்லிய குரலில் எனக்கே சொல்லுவேன்: “இது பயம். முந்தியும் வந்தது, போனது. இன்றைக்கு இன்ன திகதி. நான் என்ர வீட்டில இருக்கிறன். பிள்ளை பக்கத்தில இருக்கிறா.” அந்த நேரத்தில் வசனம் மறந்துபோகும் என்பதால், மகள் அதைக் கொப்பித் தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள்.

மூன்றாவதாக மூச்சு. மூக்கால் நான்கு எண்ணும்வரை மெதுவாக எடுத்து, ஆறு எண்ணும்வரை சூடான தேநீரை ஊதுவது போல வெளியே விடுவேன். வெளியே விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். ஐந்து நிமிடம் செய்தால் போதும். சிலருக்கு மூச்சைக் கவனித்தால் பயம் இன்னும் கூடும். அப்படியானவர்கள் அதை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்லலாம், நான்கு பொருட்களைத் தொடலாம், கேட்கும் மூன்று சத்தங்களை எண்ணலாம். செம்புத் தண்ணீரில் கையை நனைத்து முகத்தைத் துடைக்கலாம்.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த உளமருத்துவ நிபுணர் பேராசிரியர் தயா சோமசுந்தரம், எமது மக்களிடம் ஏற்கெனவே இருந்த மந்திரம் சொல்லுதல், செபித்தல், மூச்சுப் பயிற்சி போன்றவற்றைச் சிகிச்சையோடு சேர்த்துக்கொண்டவர். எங்கள் பெண்கள் குழுவிலும் அப்படித்தான். நான் உருத்திராக்க மாலையை ஒவ்வொரு மணியாக உருட்டுவேன். ஒரு சகோதரி செபமாலை சொல்லுவார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்து திரும்பிய இன்னொருவர் திக்ர் ஓதுவார். ஒரே சொல்லை ஆறுதலாகத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது மூச்சு தானாக நீளுகிறது.

மீண்டும் நித்திரைக்கு

பயம் இறங்கிய பிறகுதான் நான் பெரிய பிழை விட்டுக்கொண்டிருந்தேன். “இனி நித்திரை கொள்ள வேணும், காலமை வேலை கிடக்கு” என்று பாயில் புரண்டு புரண்டு படுப்பேன். கூப்பிடக் கூப்பிட நித்திரை தூரப் போகும்.

இப்போது ஏறத்தாழ இருபது நிமிடம் பார்த்தும் நித்திரை வராவிட்டால் பாயை விட்டு எழும்பிவிடுவேன். நேரம் பார்ப்பதில்லை, மணிக்கூட்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். முற்றத்துக்கும் போவதில்லை. மங்கலான வெளிச்சத்தில், உள்ளுக்குள் கதிரையில் இருந்து தெறி பிரிப்பேன், அல்லது வெட்டுத்துணிகளை நிறம் நிறமாக அடுக்குவேன். அலுப்பான வேலையாக இருக்க வேண்டும். கைத்தொலைபேசி தொடக்கூடாது. கண் சொருகியதும் திரும்பப் போய்ப் படுப்பேன். பாய் என்றால் நித்திரை என்று உடம்பு மறுபடியும் பழக வேண்டும் அல்லவா?

எவ்வளவு குறைவாக நித்திரை கொண்டாலும் காலை ஐந்தரைக்கு எழும்புவேன். பகலில் நீட்டிப் படுப்பதில்லை. பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு தேநீர் இல்லை. தேநீரில் உள்ள கபேயினில் பாதி, ஐந்தாறு மணித்தியாலம் கழிந்த பிறகும் உடம்பில் நிற்குமாம். இரவில் செய்தி கேட்பதையும் நிறுத்தினேன்.

பையை மட்டும் உடனே விட முடியவில்லை. அக்காவும் விடச் சொல்லவில்லை. “கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளி வையுங்கோ” என்றார். தலைமாட்டில் இருந்த பை முதலில் கால்மாட்டுக்குப் போனது. பிறகு மேசைக்கு. இப்போது அலுமாரிக்குள் இருக்கிறது.

உதவி கேட்க வேண்டிய நேரம்

நெஞ்சுநோ கைக்கோ தாடைக்கோ பரவினால், நோ விடாமல் நின்றால், மயக்கம் வந்தால், அதைப் பயம் என்று தள்ளிவிடாமல் 1990 சுவசெரிய நோயாளர் காவு வண்டியை அழையுங்கள். கிழமைக்குப் பல தடவை பயம் வந்தால், அல்லது பகல் வேலையைச் செய்ய முடியாமற் போனால், அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு இரவுகூடத் தனியே இருக்காதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம். எனக்குச் சில மாதங்கள் மாத்திரையும் தந்தார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் சென்றன. அயல்வீட்டாரின் நித்திரைக் குளிசையை வாங்கிப் போடாதீர்கள். அது பழக்கமாகிவிடும்.

மகளுக்குச் சொன்னது

இவ்வளவையும் விட எனக்குக் கடினமாக இருந்தது மகளோடு கதைப்பதுதான். பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்று மறைத்தேன். மறைத்ததை அவள் தனக்குத் தெரிந்த விதத்தில் விளங்கிக்கொண்டாள்: அம்மா சாகப்போகிறா என்று.

ஒரு பின்னேரம் அவளுக்குத் தலை இழுத்துக்கொண்டே நாயின் கதையைச் சொன்னேன். “இரவில நான் எழும்பினா சாகிறன் எண்டில்லை, பிள்ளை. நாய் குரைக்குது, அவ்வளவுதான். பாக்கிறது என்ர வேலை. நித்திரை கொள்ளுறது உன்ர வேலை.” அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப நாய் குரைச்சு முடிஞ்சா எனக்குச் சொல்லுவியளோ?” என்று கேட்டாள். அன்றிலிருந்து பயம் இறங்கியதும் அவள் காதடியில் “முடிஞ்சுது” என்று சொல்லிவிட்டுப் படுப்பேன். முதல் சில கிழமை “ம்” என்று பதில் வந்தது. பிறகு ஒரு இரவு பதில் வரவில்லை. குனிந்து பார்த்தேன். வாயைத் திறந்தபடி ஆழ்ந்த நித்திரை.

சகோதரிகளே, எனக்கு முழுக்கச் சுகமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மே மாதம் வந்தால் இன்றும் சில இரவுகள் நாய் குரைக்கிறது. தென்னோலை கூரையில் விழுந்தாலும் நெஞ்சு திடுக்கிடுகிறது. ஆனால் முன்பு விடியும்வரை நின்றது, இப்போது அரை மணித்தியாலத்தில் போய்விடுகிறது. பிறகு நித்திரை வருகிறது.

உங்கள் இரவுகளைப் பற்றி ஒருவரிடமாவது சொல்லுங்கள். வீட்டில் பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளைக்கும் விளங்குகிற மாதிரிச் சொல்லுங்கள். அது உங்களுக்கு முன்னரே விழித்திருக்கக்கூடும்.