பெட்டி மாறிய இரயில் வண்டி

ஒரு நூலகத்தில் ஓர் இலட்சம் நூல்கள் உள்ளன என்று கொள்வோம். அவற்றுள் ஒன்று தனக்குரிய அடுக்கை விட்டு வேறோர் அடுக்கில் போய் அமர்ந்துவிட்டது. நூல் கிழியவில்லை, களவு போகவில்லை, நூலகத்திற்குள் பத்திரமாகவே இருக்கிறது. ஆனாலும் அதைத் தேடி வரும் மாணவனுக்கு அது இல்லாத நூல்தான். ஒரு பொருள் இருப்பது வேறு. அது தேடுவோனுக்குக் கிடைப்பது வேறு.

இந்த எளிய உண்மை இன்று அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி முதலிய நாடுகளில் மாதிரி இரயில் வண்டிகளைச் சேகரிப்போரின் பணப்பையை நேரடியாகத் தொடுகிறது. பழைய மாதிரி வண்டிகளை அவர்கள் பெரும்பாலும் இணைய ஏலத் தளங்களில் வாங்குகிறார்கள், விற்கிறார்கள். அத்தளங்கள் தங்கள் பொருள் வகைப்பாட்டை அவ்வப்போது மாற்றுகின்றன. வகைப்பாட்டை மாற்றினால் வண்டியின் விலை ஏன் மாறவேண்டும்? இதற்கு விடை காணச் சிறிது அளவியலும், சிறிது மின்னியலும், சிறிது நிகழ்தகவும் தேவை.

விளையாட்டுப் பொருள் மட்டுமன்று

மாதிரி இரயில் என்றால் சாவி கொடுத்து ஓட்டும் பொம்மை என்று எண்ணிவிட வேண்டா. உண்மையான வண்டியை ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கிச் செய்வதே மாதிரி. 1891-ஆம் ஆண்டு ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் லைப்சிக் நகரச் சந்தையில் வரையறுத்த தண்டவாள அகலங்களுடன் பொம்மை இரயில்களைக் காட்சிக்கு வைத்தது. ஒருமுறை வாங்கிய தண்டவாளத்தில் பின்னர் வாங்கும் வண்டியும் ஓடும் என்ற நிலை அப்போது பிறந்தது.

இன்று மிகுதியாக வழங்கும் அளவு எச்.ஓ. எனப்படுவது, விகிதம் 1 : 87. அதாவது, உண்மை வண்டியில் 87 மீட்டர் இருப்பது மாதிரியில் 1 மீட்டர். உலகில் பரவலாக உள்ள இருப்புப் பாதையின் அகலம் 1435 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 16.5 மி.மீ. வரும். இதுவே எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம். 'என்' என்னும் அளவு இதனினும் சிறியது. விகிதம் 1 : 160, பாதை 9 மி.மீ. 1972-இல் மெர்க்லின் வெளியிட்ட 'இசட்' அளவின் விகிதம் 1 : 220, பாதை 6.5 மி.மீ. மட்டுமே.

இனி ஒரு சிக்கலைப் பாருங்கள். பிரிட்டனில் உண்மை இஞ்சின்களே உருவில் சற்றுச் சிறியவை. அவற்றை 1 : 87 விகிதத்தில் சுருக்கியபோது, அக்கால மின்மோட்டார் உள்ளே அடங்கவில்லை. ஆகவே பாதையை 16.5 மி.மீ. ஆகவே வைத்துக்கொண்டு, வண்டியை மட்டும் 1 : 76 விகிதத்திற்குப் பெரிதாக்கினர். இதுவே ஓ.ஓ. என்னும் அளவு. இரண்டும் ஒரே தண்டவாளத்தில் ஓடும். ஆனால் 20 மீட்டர் நீளமுள்ள ஒரு பெட்டி எச்.ஓ.வில் 230 மி.மீ., ஓ.ஓ.வில் 263 மி.மீ. நீளம் இருக்கும். கன அளவில் வேற்றுமை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இவ்விரண்டையும் ஒரே வண்டித்தொடரில் கோத்தால், தாத்தாவின் சட்டையைப் பேரன் அணிந்தது போலிருக்கும்!

மின்சாரத்திலும் வேற்றுமை

அளவு பொருந்தினால் போதுமா? போதாது. பெரும்பாலான எச்.ஓ. வண்டிகளில் ஒரு தண்டவாளம் நேர்மின் முனையாகவும் மற்றது எதிர்மின் முனையாகவும் இருந்து, ஏறத்தாழ 12 வோல்ட் நேர்திசை மின்னோட்டம் மோட்டாருக்குச் செல்கிறது. இரு பக்கச் சக்கரங்களும் மின்சாரத்தால் இணையாதபடி அச்சில் காப்பு வைத்திருப்பார்கள். மெர்க்லின் நிறுவனத்தின் எச்.ஓ. முறையோ வேறு. அங்கே இரு தண்டவாளங்களும் சேர்ந்து ஒரே முனை. பாதையின் நடுவே வரிசையாக அமைந்த சிறு உலோகக் குமிழ்கள் மற்றொரு முனை. வண்டியின் அடியிலுள்ள ஒரு சறுக்குத் தகடு அவற்றைத் தொட்டு மின்சாரம் பெறும். இந்த வண்டியின் சக்கரங்களுக்கிடையே காப்பு தேவையில்லை. அதைச் சாதாரண இரு தண்டவாளப் பாதையில் வைத்தால் என்ன ஆகும்? இரு முனைகளும் அச்சின் வழியே நேராக இணைந்து குறுக்குச் சுற்று ஏற்படும்.

ஆகவே, வாங்குபவர் அறிய வேண்டியவை பல: அளவு, மின்முறை, பொருளின் வகை, எந்த நாட்டு இரயில்வே, எந்தக் காலம், யார் செய்தது. இவற்றுள் ஒன்று தவறினாலும், வந்து சேரும் வண்டி அலமாரிக்கு மட்டுமே அழகு.

மரமும் முகங்களும்

இத்தனை பண்புகளுள்ள பொருள்களை எப்படி அடுக்குவது? ஒரு வழி, மரம் போல் கிளை பிரிப்பது. ஈபே என்னும் பெரிய ஏலத் தளம் 1995-இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதன் மாதிரி இரயில் பகுதி முன்பு இவ்வாறே அமைந்திருந்தது. முதலில் எச்.ஓ., என், ஓ என அளவுக் கிளைகள். ஒவ்வொன்றின் உள்ளும் இஞ்சின், சரக்குப் பெட்டி, தண்டவாளம் எனச் சிறு கிளைகள். 'என்' அளவில் பெட்டிகள் தேடுபவர் அந்தக் கிளையில் ஏறி அமர்ந்தால் போதும். அன்றாடம் வரும் புதுச்சரக்கு கண்ணில் படும்.

ஆனால், மரத்திற்கு ஒரு வரம்பு உண்டு. 6 அளவுகள், 5 பொருள் வகைகள், 3 மின்முறைகள், 6 காலங்கள் என்று கொண்டால், எல்லாச் சேர்க்கைகளுக்கும் 6 × 5 × 3 × 6 = 540 கிளை நுனிகள் தேவை. மாறாக, இந்நான்கையும் தனித்தனிக் கட்டங்களாக வைத்தால் 6 + 5 + 3 + 6 = 20 சொற்களே போதும். ஒவ்வொரு பொருளும் நான்கு கட்டங்களிலும் ஒவ்வொரு சொல்லைப் பெறும். தேடுபவர் வேண்டியவற்றைச் சேர்த்துக்கொள்வார்.

இந்தச் சிந்தனைக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக இலண்டன் சென்றிருந்தபோது, ஒரு கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். சில பட்டைகள், சக்கரங்கள், திருகாணிகள். இவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டி எத்தனையோ பொறிகளை அமைக்கலாம். நூலின் பொருளையும் இவ்வாறே சில கூறுகளாகப் பிரித்து, வேண்டியபடி பூட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அதிலிருந்து வளர்ந்ததே 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை. ஒரு பொருளைப் பல முகங்களிலிருந்து பார்க்கும் முறை அது. இதில் ஒரு வியப்பும் உண்டு. மெக்கானோவை உருவாக்கிய பிராங்க் ஹார்ன்பிதான் 1920 முதல் ஹார்ன்பி இரயில்களையும் செய்து விற்றவர்!

நிரப்பாத கட்டம்

பின்னர் ஈபே தளத்திலும் மாதிரி இரயில் மரம் மாறியது. இஞ்சின், பெட்டி போன்ற பொருள் வகைகள் கிளைகளாயின. அளவு ஒரு பண்புக் கட்டமாயிற்று. கொள்கையளவில் இது ரங்கநாதன் காட்டிய வழிதான். ஆயினும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. நூலகத்தில் கட்டங்களை நிரப்புபவர் பயிற்சி பெற்ற நூலகர். ஏலத் தளத்தில் நிரப்புபவரோ பொருளை விற்பவர். காலமான தந்தையின் அறையைக் காலி செய்யும் மகளுக்கு எச்.ஓ. எது, ஓ.ஓ. எது என்று எப்படித் தெரியும்? பழைய மரத்தில் ஏதாவதோர் அளவுக் கிளையைத் தேர்ந்தாக வேண்டும். கட்டமோ, கட்டாயமாக்கப்படாவிட்டால், வெறுமையாகவே நின்றுவிடலாம்.

இதன் விளைவைக் கணக்கிடுவோம். ஒவ்வொரு கட்டத்தையும் நூற்றுக்கு எண்பது பேர் சரியாக நிரப்புகிறார்கள் என்றும், ஒரு கட்டத்திற்கும் இன்னொன்றிற்கும் தொடர்பில்லை என்றும் கொள்வோம். அளவு, மின்முறை, காலம் ஆகிய மூன்றையும் வடிகட்டித் தேடுபவர் கண்ணில் படுபவை 0.8 × 0.8 × 0.8 = 0.512. நூறு வண்டிகளில் 51 மட்டுமே தெரியும். மற்ற 49 கடையில் இருந்தும் இல்லாதவை. வடிகட்டி நன்றாக வேலை செய்வதால்தான் இழப்பு நேர்கிறது என்பதைக் கவனியுங்கள்.

விலை ஏன் விழுகிறது?

இத்தளத்தின் ஏல முறையில், ஒவ்வொருவரும் தாம் தரக்கூடிய உச்ச விலையை இரகசியமாகத் தெரிவிக்கிறார்கள். தளம் அவர்களுக்காக, தேவையான அளவு மட்டும் விலையை ஏற்றிச்செல்லும். வெல்பவர் தம் உச்ச விலையைத் தருவதில்லை. இரண்டாவது பெரிய விலையைவிடச் சிறிதே கூடுதலாகத் தருகிறார். இரண்டாம் விலை ஏலத்தின் இயல்பை 1961-இல் ஆராய்ந்த வில்லியம் விக்ரி, 1996-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றவர்.

ஒரு வண்டிக்கு எவரும் 0 முதல் 300 பவுன் வரை எந்த மதிப்பும் சமவாய்ப்புடன் வைக்கலாம் என்று கொள்வோம். ஒரு கோட்டின்மேல் புள்ளிகளைத் தாறுமாறாகத் தூவினால், 9 புள்ளிகள் சராசரியாக அக்கோட்டை 10 சம பாகங்களாகப் பிரிக்கும். மேலிருந்து இரண்டாவது புள்ளி 8/10 உயரத்தில் நிற்கும். ஆகவே 9 பேர் போட்டியிட்டால் எதிர்பார்க்கும் விலை 240 பவுன். பெட்டி மாறிய காரணத்தால் 2 பேரே அதைக் கண்டுபிடித்தால்? கோடு மூன்றாகப் பிரியும். இரண்டாவது புள்ளி 1/3 உயரத்தில். விலை 100 பவுன்! வண்டி அதே வண்டி; தேய்மானம் ஏதுமில்லை; 140 பவுன் மட்டும் காணாமற் போயிற்று.

விற்பவர் குறைந்தபட்ச விலையை உயர்த்தி வைத்துத் தப்பிக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சில நிபந்தனைகளுக்குட்பட்டு, மிகச் சரியான குறைந்தபட்ச விலையை வைப்பதைவிடக் கூடுதலாக ஒரே ஒரு போட்டியாளர் வருவது விற்பவருக்கு அதிக ஆதாயம் என்று ஜெரமி புலோ, பால் கிளெம்பெரர் என்னும் இரு பொருளியலாளர் 1996-இல் நிறுவினர். நூறு ஒரேவிதப் பொருள்கள் விற்கும் சந்தையில் இரண்டு மறைந்தால் கேடில்லை. ஒன்றே ஒன்று எஞ்சியுள்ள பழைய இஞ்சினுக்குத்தான் ஒவ்வொரு கண்ணும் முக்கியம்.

மலிவாகக் கிடைத்தவருக்கு இலாபம்தானே என்று தோன்றும். உண்மையே, அந்த ஒருவருக்கு இலாபம். ஆனால் பத்தாண்டுகளாக அதே பெட்டியைத் தேடி, தம் வண்டித்தொடரை நிறைவு செய்யக் காத்திருந்த மற்றொருவருக்கு அது வந்ததே தெரியாது. அவர் சேமித்து வைத்திருந்த தேடல் பழைய கிளையோடு கட்டப்பட்டதென்றால், கிளை நீங்கியதும் அது வறண்ட கிணறாகிவிடும். விலை வரலாற்றைக் குறித்து வந்தவர்களுக்கும் பழைய எண்களைப் புதியவற்றோடு ஒப்பிட முடியாமற் போகும்.

ஓர் அளவுகோல் போதும்

இதற்கு மாற்று என்ன? பழைய மரத்திற்கே திரும்புவதன்று. அளவு, மின்முறை போன்ற இன்றியமையாத கட்டங்களைக் கட்டாயமாக்குவதும், விற்பவர் தாமே அளந்து அறிய வழி சொல்வதுமே மாற்று. வழி கடினமானதன்று. இரு தண்டவாளங்களின் உட்பக்கங்களுக்கு இடையே அளவுகோலை வையுங்கள். 9 மி.மீ. என்றால் பெரும்பாலும் 'என்' அளவு. 16.5 மி.மீ. என்றால் எச்.ஓ. அல்லது ஓ.ஓ.; அப்போது அத்துடன் உள்ள மனித உருவத்தை அளவிடுங்கள். 175 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதர் எச்.ஓ.வில் 20 மி.மீ., ஓ.ஓ.வில் 23 மி.மீ. இருப்பார். வண்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்; அடியில் நீண்ட சறுக்குத் தகடு இருந்தால் அது நடுக்குமிழ் முறை. இம்மூன்று செய்திகளை விளம்பரத்தின் தலைப்பிலேயே எழுதிவிட்டால், கட்டம் எப்படி மாறினாலும் சொல்லால் தேடுபவர் கண்டுகொள்வார்.

வாசகரின் நேரத்தைச் சேமிப்பது நூலகத்தின் கடமை என்பதை ரங்கநாதன் தம் நூலக விதிகளுள் ஒன்றாக 1931-இலேயே வகுத்தார். வகைப்பாடு என்பது வெறும் பெயர்ப் பலகை அன்று. தேடுபவரையும் பொருளையும் சேர்த்துவைக்கும் பாலம். நம் பள்ளி ஆய்வுக்கூட அலமாரியானாலும், மருந்துக் கிடங்கானாலும், கணிப்பொறியில் உள்ள கோப்புகளானாலும் இதே விதிதான். அடுத்தமுறை ஏதேனும் ஒன்றை நீங்கள் ஒழுங்குபடுத்தும்போது ஒரு கேள்வியை எழுப்பிக்கொள்ளுங்கள்: இதை நான் எங்கே வைப்பேன் என்பதல்ல, தேடுபவர் இதை எங்கே தேடுவார்?