வியாழனுக்கும் எனக்கும் நடுவே ஒரு சோக்

வியாழன் கிரகத்தை ரேடியோவில் கேட்கலாம். அதன் நிலாக்களில் ஒன்றான அயோ தோதான இடத்துக்கு வரும் இரவுகளில், 20 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கடலலை போல ஒரு இரைச்சல் எழும். சில சமயம் தகரக் கூரையில் கூழாங்கல் கொட்டுவது மாதிரி இருக்கும். பெர்க், ஃபிராங்ளின் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1955இல் இதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள். ராட்சத டிஷ் எதுவும் தேவையில்லை. 7 மீட்டர் செப்புக் கம்பியை நடுவில் வெட்டி, மாடியில் துணிக்கொடி போலக் கட்டி, ஒரு ரிசீவரோடு இணைத்தால் போதும்.

கட்டினேன். மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாகக் காது கொடுத்துக் கேட்டேன். கேட்டதெல்லாம் பக்கத்துத் தெருப் பெட்டி ஒன்றின் சத்தம்.

அது என்ன பெட்டி என்பதற்கு முன்னால் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கோவையில் மின்னணு வடிவமைப்புப் பொறியாளராக 24 ஆண்டுகள். பம்பு மோட்டார்களுக்கான கன்ட்ரோலர் போர்டுகள் செய்கிறோம். சர்க்யூட் வரைவது வேலையில் கால்வாசிகூட இல்லை. மீதிப் பொழுது, எந்த உதிரி கிடைக்கும், எது ஆறு மாதம் கழித்து வரும், கோடையில் இரும்புப் பெட்டிக்குள் கொதிக்கும்போது எது முதலில் உயிரை விடும் என்பதிலேயே போய்விடும். உதிரிப் பட்டியலை நாங்கள் 'பாம்' என்போம். மாதக் கடைசியில் விலைக் குறைப்புக் கூட்டம் நடக்கும்போது அது பெயருக்கேற்ப வெடிக்கும்.

ரிசீவரை லேப்டாப்பில் செருகினால் அலைவரிசைகள் திரையில் அருவி போல இறங்கும். என் திரையில் 65 கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்றாகக் கோடுகள், சீப்புப் பல் மாதிரி. வியாழனுக்கு 65 தெரியாது, எனக்குத் தெரியும். மின்கம்பி வழியே கசியும் இரைச்சலை விதிமுறைகள் பொதுவாக 150 கிலோஹெர்ட்ஸிலிருந்துதான் அளக்கின்றன. பவர் சப்ளையை 65இல் ஓட்டினால் அதன் இரட்டிப்பு 130, விதியின் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிடும். அதனால் 65 எங்கள் தொழிலின் செல்ல எண்.

சின்ன ரேடியோ ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்துத் தெரு வரை நடந்தேன். அங்கே மூன்றாவது வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் சத்தம் உச்சத்துக்குப் போனது. ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் கன்ட்ரோலர். மூடியைப் பார்த்ததும் தெரிந்தது, என் போர்டு.

ஆறு ஆண்டுக்கு முன் ஒரு கூட்டத்தில் அந்த போர்டிலிருந்து ஓர் உதிரியை எடுத்தோம். காமன் மோட் சோக். வளையத்தில் இரண்டு சுருளாகக் கம்பி சுற்றியது, உள்ளிருக்கும் இரைச்சல் வெளிக்கம்பிக்கு ஏறாமல் தடுப்பது. விலை 11 ரூபாய். அது இல்லாமலும் மோட்டார் ஓடியது, யாரும் புகார் சொல்லவில்லை. எடுத்துவிடலாம் என்று கையெழுத்துப் போட்டது நான்தான்.

இரைச்சலைத் துரத்துவதற்குச் சம்பளம் வாங்கிய ஒருவரால்தான் ரேடியோ வானியலே பிறந்தது. கார்ல் ஜான்ஸ்கி, பெல் ஆய்வகத்துப் பொறியாளர். கடல்தாண்டிய தொலைபேசியைக் கெடுக்கும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். நியூஜெர்சியில் ஹோம்டெல் என்ற இடத்தில், பழைய ஃபோர்டு கார்ச் சக்கரங்கள்மேல் சுழலும் ஆன்டெனா ஒன்றைக் கட்டினார். இடியின் இரைச்சல் போக மிச்சமாக ஒரு மெல்லிய சீறல் இருந்தது. அது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்ல, 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை உச்சத்துக்கு வந்தது. அது விண்மீன்களின் கணக்கு. பால்வெளியின் மையத்திலிருந்து வருகிறது என்று 1933இல் அறிவித்தார்.

வானியலாளர்கள் பெரிதாக அசையவில்லை. அசைந்தது சிகாகோவில் ரேடியோ கம்பெனிகளில் வேலை பார்த்த குரோட் ரீபர். 1937இல் வீட்டையொட்டிய இடத்தில் ஒன்பதரை மீட்டர் டிஷ்ஷைச் சொந்தக் காசில் கட்டினார். 3300 மெகாஹெர்ட்ஸில் கேட்டார், ஒன்றுமில்லை. 900, ஒன்றுமில்லை. 160க்கு இறங்கியதும் வானம் கிடைத்தது. பகலில் வேலை. கார் எஞ்சின்களின் பொறி ஓய்ந்த பிறகு, நள்ளிரவில் வானம். 1944இல் அவர் வெளியிட்ட ரேடியோ வான வரைபடத்துக்குப் பின்னால் எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை.

என் கம்பி தோற்றதும் நான் ரீபருக்கு எதிர்த்திசையில், மேலே போனேன், 1420 மெகாஹெர்ட்ஸுக்கு. ஹைட்ரஜன் அணுவில் எலெக்ட்ரானின் சுழற்சி தலைகீழாகத் திரும்பும்போது 21 சென்டிமீட்டர் அலை ஒன்று வரும். ஓர் அணு தானாகத் திரும்ப ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டு ஆகும். ஆனாலும் பால்வெளியில் அணுக்களுக்குப் பஞ்சமில்லை. 1951இல் ஹார்வர்டின் ஜன்னலுக்கு வெளியே ஒட்டுப்பலகையில் செய்த கொம்பு ஆன்டெனாவை நீட்டி ஈவன், பர்செல் இருவரும் இதைப் பிடித்தார்கள். மாணவர்கள் அந்தக் கொம்புக்குள் பனி உருண்டை எறிந்து விளையாடினார்களாம்.

என் கொம்பு தகரம். அடியில் 16 சென்டிமீட்டர் அகலமுள்ள பழைய தின்னர் டின், பின்சுவரிலிருந்து 7 சென்டிமீட்டரில் 5.2 சென்டிமீட்டர் செப்புக் கம்பி. டின்னை ஒட்டியே ஒரு பெருக்கி, கேபிளுக்குப் பிறகு அல்ல. முதல் பெருக்கி சேர்க்கும் இரைச்சலைப் பிறகு யாராலும் கழிக்க முடியாது. ரிசீவர், டிவி பார்க்கச் செய்த யு.எஸ்.பி. குச்சி. எல்லாம் ₹12,000க்குள் முடிந்தது. "ஏனுங்க்கா, புறாப் புடிக்கிற பொறிங்களா?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டாள்.

கொம்பைக் கைப்பிடிச் சுவர் பக்கம் திருப்பினால் திரையில் கோடு ஏறும். வெயிலில் காய்ந்த சுவரும் ரேடியோவில் ஒளிர்கிறது. வானத்துக்குத் திருப்பினால் இறங்கும். சிக்னஸ் விண்மீன் கூட்டத்துக்கு நேராக வைத்து ஐந்து நிமிடம் சராசரி எடுத்தேன். சந்தை இரைச்சலில் ஒருவர் ஒரே சொல்லை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தால் கடைசியில் அது காதில் விழுமே, அதுதான் சராசரி. மேடுகள் எழுந்தன, ஒன்றல்ல, மூன்று. நம்மை நோக்கி நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாயு 4.7 கிலோஹெர்ட்ஸ் மேலே தெரியும். வெவ்வேறு வேகத்தில் நகரும் பால்வெளியின் சுருள்கைகள் அவை. தகரத்தால் பிடித்தது என்று நம்பக் கொஞ்ச நேரம் ஆனது.

எங்கள் ஊருக்கு அருகே மலைமேல், ஊட்டி முத்தோரையில் 530 மீட்டர் நீள ரேடியோத் தொலைநோக்கி 1970 முதல் இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப்பின் வடிவமைப்பு. அந்த இடத்தின் அட்சரேகை 11 டிகிரி, மலைச்சரிவும் 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணை, ஒரே அச்சில் உருட்டினால் விண்மீனைத் தொடரலாம். மலையையே உதிரியாகப் பட்டியலில் சேர்த்த வடிவமைப்பு இது. இதைவிடக் கெட்டிக்கார விலைக் குறைப்பை நான் கண்டதில்லை.

வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் ஒரே கேள்வி கேட்பேன்: மேசைமேல் சும்மா கிடக்கும் ரெசிஸ்டரின் முனைகளில் எவ்வளவு வோல்டேஜ்? பெரும்பாலும் பூஜ்யம் என்பார்கள். இல்லை, அறையின் சூட்டுக்கே அது இரைந்துகொண்டிருக்கும். மாடியில் ஒரு கொம்பு கட்டிப் பார்த்தவர் பூஜ்யம் என்று சொல்லமாட்டார்.

இந்த ஆண்டு வந்த புது போர்டில் சோக் திரும்ப ஏறிவிட்டது. மூன்றாவது வீட்டுக்காரரிடம் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய பழைய பெட்டிக்கும் மாட்டிக் கொடுத்தேன். திரையில் 65 போய்விட்டது. இப்போது 100 கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்றாக வேறு கோடுகள் தெரிகின்றன. அது யாருடைய போர்டு என்று தேடிக்கொண்டிருக்கிறேன். வியாழன் இன்னும் கேட்கவில்லை.