பட்டை தந்த மருந்தும் இலை காத்த மரமும்

அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையை அடுத்த வாஷிங்டன், ஆரிகன் மாகாணங்களின் ஆரண்யங்களில், விண்ணளாவும் டக்ளஸ் ஃபிர் மரங்களின் நிழலில் ஒதுங்கி, நூறாண்டு கடந்தும் ஒல்லியாகவே நிற்கும் யூ மரத்தைப் பயனற்றதென்று கருதிய மரவியாபாரிகள், பெருமரங்களை வெட்டியெடுத்தபின் எஞ்சிய கழிவுகளோடு சேர்த்து அதையும் தீயிட்டு வந்தார்கள். புற்றுநோய்க்கு மருந்தாகக்கூடிய தாவரங்களைத் தேடி வந்த ஆர்தர் பார்க்ளே என்னும் அரசாங்கத் தாவர சாஸ்திரி, 1962-இல் அம்மரத்தின் பட்டையைச் சேகரித்தார். அதிலிருந்து மன்ரோ வால் என்பவரும், மகாராஷ்டிரத்தில் பிறந்து பம்பாயில் ரசாயனம் பயின்ற நம் நாட்டவரான மன்சுக் வானியும் வட கரோலினாவில் பிரித்தெடுத்து, 1971-இல் அமைப்பை விளக்கி வெளியிட்ட பொருளே டாக்ஸால்.

உயிரணு இரண்டாகப் பிரியும்போது அதனுள் நுண்ணிய குழல்கள் தோன்றிக் குரோமோசோம்களை இருபுறமும் பங்கிட்டுவிட்டுக் கலைந்துபோவது இயற்கை. நம் வீட்டுத் தோட்டங்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைக்கும் மருந்துகள் அக்குழல்கள் உருவாவதையே தடுக்க, டாக்ஸாலோ அவற்றைக் கலையவொட்டாமல் இறுக்கிவிடுகிறது என்பதை 1979-இல் நியூயார்க்கில் சூசன் ஹார்விட்ஸ் கண்டறிந்தார். பிரியத் தொடங்கிய அணு பிரிந்து முடியாமல் மடிகிறது. ஓயாமல் பெருகுவதே புற்றணுவின் சுபாவமாதலால் சேதம் அதற்கே அதிகம். ஆயினும் மயிர்க்கால்களும் ரத்தத்தை ஆக்கும் மஜ்ஜையும் தப்புவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1992 இறுதியில், சினைப்பைப் புற்றுநோய்க்கு இதனை அமெரிக்க அரசாங்கம் அங்கீகரித்தது. ஆனால் ஒரு கிலோ மருந்துக்கு ஏறத்தாழ 10,000 கிலோ பட்டை தேவைப்பட்டது. பட்டையை முற்றிலும் உரித்தால் மரம் பிழைக்காது. ஒரே நோயாளியின் சிகிச்சைக்குப் பல மரங்கள் சாகவேண்டிய நிலையில், நோயாளியின் உயிரா, வனத்தின் உயிரா என்ற கொடிய கேள்வி எழுந்தது.

அதற்கு விடை இலையில் இருந்தது. ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலைகளில், டாக்ஸாலின் நடுப்பகுதியை ஒத்த மூலப்பொருள் ஒன்று, பட்டையிலுள்ள டாக்ஸாலைவிட மிகுதியாக இருப்பதைக் கண்ட பிரெஞ்சு ரசாயன சாஸ்திரி பியேர் போத்தியே, விடுபட்ட பக்கச் சங்கிலியை ஆய்வுக்கூடத்தில் அதனோடு இணைத்து, மருந்தை ஆக்கும் வழியை 1988-இல் வெளியிட்டார். ஃபிளாரிடாவில் ராபர்ட் ஹோல்டன் அதே நோக்கில் இன்னும் திறமையான முறையை வகுத்தார். கொய்த இலை மறுபடி தளிர்க்கும், மரம் நிலைக்கும். மருந்தைக் கண்டவர்களுக்கு உரிய புகழில் ஓர் அணுவும் குறையாமல் இவர்களுக்கும் சேரவேண்டும் என்பதே என் துணிபு. இப்போது மரமே இன்றி, யூவின் அணுக்களை மட்டும் பெருந்தொட்டிகளில் சர்க்கரையும் சத்தும் ஊட்டி வளர்த்து, அவற்றிலிருந்தும் மருந்தெடுக்கிறார்கள்.

ஆனால் இலை தளிர்க்கும் என்ற நியாயம், கொய்பவன் அளவறிந்து கொய்தால்தான் செல்லும். நம் இமயத்தில் வளரும் யூ மரம், இலைக்கும் பட்டைக்குமாக அளவின்றி வெட்டப்பட்டு அருகிப்போனதனால், 1995 முதல் அதன் சர்வதேச வியாபாரம் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. கட்டுப்பாடு ஒன்றே போதாது. காட்டைத் தொடாமல் அறுவடைக்கென்றே அம்மரத்தை நட்டு வளர்க்கும் காரியத்தில், இம்மருந்தால் லாபம் காணும் கம்பெனிகளும் அரசாங்கமும் தாமதமின்றி முனைய வேண்டும்.